வேளாண்மை படித்தால் வேலை உண்டா, ட்ரோன் பிடுங்கிக்கொள்ளுமா?

கேள்வி: இண்டூர் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர். குச்சிக்கிழங்கும் ராகியும் போடுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்கிறாள். என் மச்சான், ‘இனி பூச்சியை செல்போனே கண்டுபிடிக்கும், மருந்தை ட்ரோனே அடிக்கும், விவசாயம் படித்தவருக்கு என்ன வேலை?’ என்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு இருக்கிறது. அதற்கு அரை ஏக்கரை அடமானம் வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அடமானப் பேச்சை ஓரமாக வையுங்கள். 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. வேளாண்மையும் அதில் சேரும். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதைக் கேட்டுப் பார்க்காமலே நிலத்தை எழுதிக் கொடுத்த குடும்பங்கள் நம் பக்கம் உண்டு.

மச்சான் சொல்வதில் பாதி சரி. பூச்சியைப் படம் எடுத்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. மத்திய அரசே 2024-ல் தேசியப் பூச்சி கண்காணிப்புச் செயலி ஒன்றை வெளியிட்டது. மனப்பாடம் செய்த பூச்சிப் பெயரையும் மருந்துப் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் வாங்கி வருகிறவருக்கு இனி மதிப்பு குறையும். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளையாக அப்பியிருப்பதை எல்லாம் நாம் மாவுப்பூச்சி என்கிறோம். 2008 வாக்கில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2020-ல் வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. முன்னதன் உடம்பு மஞ்சள், பின்னதன் உடம்பு இளஞ்சிவப்பு. பின்னது தாக்கினால் நுனிக்குருத்து சுருண்டு கொத்துக்கொத்தாகக் குறுகிவிடும். இரண்டையும் அடக்குவது ஒட்டுண்ணிக் குளவிதான். ஆனால் குளவி வேறு வேறு. மரவள்ளிப் பூச்சிக்கான அனகைரஸ் லோபெசி என்ற குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். செல்போன் ‘மாவுப்பூச்சி, இந்த மருந்தை அடி’ என்று சொல்லி நீங்களும் அடித்தால், வேலை செய்துகொண்டிருக்கும் குளவியும் சேர்ந்து சாகும். வயலில் இறங்கி, இலையைத் திருப்பி, கூடு போல உலர்ந்து கிடக்கும் மாவுப்பூச்சியைப் பார்த்ததும் ‘இதில் குளவி வந்துவிட்டது, மருந்து வேண்டாம்’ என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக உங்கள் மகள் ஆகலாம்.

ட்ரோனுக்கு வருவோம். பறக்க விடுவது பெரிய வித்தை இல்லை. 10-ம் வகுப்பு முடித்து 18 வயது ஆனவர், அனுமதி பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்று ரிமோட் பைலட் சான்று வாங்கலாம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமும் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. கஷ்டம் கலவையில்தான். ஏக்கருக்கு 100 மில்லி என்று பரிந்துரைத்த மருந்தைக் கைத்தெளிப்பானில் 200 லிட்டர் தண்ணீரில் கலக்கிறோம். அதாவது லிட்டருக்கு அரை மில்லி. ட்ரோனில் ஏக்கருக்கு 10 லிட்டர் அளவுதான் தண்ணீர். பழைய பழக்கத்தில் லிட்டருக்கு அரை மில்லி ஊற்றினால் மொத்தமே 5 மில்லிதான் விழும், பூச்சி சிரிக்கும். 100 மில்லியும் ஊற்றினால் கலவை 20 மடங்கு கெட்டி. எல்லா மருந்தும் அதற்கு ஒத்துவராது, சிலது இலையைக் கருக்கிவிடும். ட்ரோனுக்கு அனுமதித்த மருந்து எது, இலை தாங்குமா, காற்று எந்தப் பக்கம், அந்தப் பக்கம் மல்பெரித் தோட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டுப்புழு வளர்க்கிறவருக்குத் தெரியும், மருந்து பட்ட இலையைப் போட்டால் மொத்தப் புழுவும் போய்விடும். கணக்கும் பயிர் அறிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய வேலை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயல் வயலாக அனுப்பினார்கள். பாம்பு, பூச்சிக்கடி என்று எதிர்ப்பு கிளம்பியது. மாணவிகளைப் போதிய பாதுகாப்பு இல்லாமல் கரடு முரடான இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வேலையின் தன்மையைப் பாருங்கள். சர்வே எண்ணில் போய் நின்று, படம் எடுத்து, என்ன பயிர் என்று பதிய வேண்டும். ராகிக்கு நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போட்டிருப்பதைப் பார்த்து எது முதன்மைப் பயிர், எது ஊடுபயிர் என்று பிரிப்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. நாளை வறட்சி நிவாரணம், காப்பீடு என்று வந்தால் பதிவைத்தான் புரட்டுவார்கள்.

ஆகவே மகள் வேளாண்மையே படிக்கட்டும். படிக்கும்போதே விளைச்சல் கணக்கைக் கம்ப்யூட்டரில் அட்டவணை போடவும், செயற்கைக்கோள் வரைபடத்தைப் படிக்கவும் பழகட்டும். செயலி சொல்லும் பதிலை நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டு, எங்கே தப்புகிறது என்று குறித்து வைக்கட்டும். கடைசி வருடம் கிராமத்தில் தங்கிச் செய்யும் வேளாண் பணி அனுபவப் பயிற்சி உண்டு. சிலர் அதை போட்டோ எடுப்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதை அவள் வீணாக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில்தான் ஆசை என்றால், அதே பல்கலைக்கழகத்தில் வேளாண் தகவல் தொழில்நுட்பம் பி.டெக். இருக்கிறது. அவள் எடுத்த பாடங்கள் பொருந்துமா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால், ‘செயற்கை நுண்ணறிவு’ என்று போர்டு வைத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பாடம் நடத்துவது யார், போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அவளை அழைத்துப் போய், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று காட்டுங்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். 6 முதல் 12 வரை இடையில் பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டி வரும்.