காட்டுக்குள் மாணவர்களுக்கே முதலிடம்

தமிழ்நாட்டின் காப்புக் காடுகளில் பொதுமக்கள் முறைப்படி நடந்து செல்ல, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் வரவேற்கத்தக்கது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையவழி முன்பதிவு, வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் என நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால், கடினமான பாதைகளுக்கான கட்டணம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது எட்டாது. பொதுச் சொத்தான காட்டைக் காணும் வாய்ப்பு, வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்றாகிவிடக் கூடாது.

காட்டுக்குள் யாரையும் விடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்ததை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், புல் காய்ந்து கிடக்கும் பருவத்தில், அனுமதி பெறாத பாதையில் ஒரு குழு செல்ல முடிந்தது கண்காணிப்பின் தோல்வி. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென அரசு விதிகளை வகுத்தது. தேவை, அவற்றைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துவதுதான்.

காட்டுக்குள் செல்வது மாணவர்களுக்கு ஏன் தேவை? திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் குடிப்பது பொதிகைமலைக் காடுகள் தேக்கித் தரும் தாமிரபரணித் தண்ணீர். மழையை மண் எப்படி உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்கு விடுகிறது என்பதை அங்கே நேரில் பார்க்கும் மாணவர், ஆற்றைக் காக்க ஏன் மலையைக் காக்க வேண்டும் என்று உணர்வார். பாடப்புத்தகம் மட்டும் அந்தத் தெளிவைத் தந்துவிடாது.

உள்ளூர் மக்களோடு சேர்ந்து இதைச் செய்ய வழிகாட்டும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. கோவை மாவட்டம் பரளிக்காட்டில் வனத்துறையுடன் இணைந்து, பில்லூர் அணை நீர்ப்பரப்பில் பரிசல் ஓட்டியும் சமைத்துப் பரிமாறியும் பழங்குடி மக்களே விருந்தினரை உபசரிக்கிறார்கள். வருமானம் ஊருக்குள் வரும்போது, காட்டைக் காப்பதும் அந்த ஊரின் பிழைப்போடு சேர்ந்துவிடுகிறது.

எனவே, எட்டாம் வகுப்பு முதல் ஒவ்வோர் அரசுப் பள்ளி மாணவரும் ஆண்டுக்கு ஒரு நாளேனும் தம் மாவட்டத்திலோ அருகிலோ உள்ள காட்டில் கட்டணமின்றி நடந்து கற்க அரசு வழிசெய்ய வேண்டும். வழிகாட்டும் பழங்குடியினருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் முறையான ஊதியமும் தரப்பட வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரம்பு வேண்டும். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்பட வேண்டும். பயணிகளைக் காரணம் காட்டிப் புதிய சாலையோ விடுதியோ காட்டுக்குள் வரக் கூடாது. வனத்துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து திட்டமிட, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கெனத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.