ஓரையும் ஊசியும்

‘ஓரை’ என்பது பொருள் பல உடைய சொல். நிகண்டு கற்றோர் அதற்கு இராசி என்று பொருள் கூறுவர். சங்க நூல்களில் பயின்றோர் மகளிர் விளையாட்டு என்பர். தொல்காப்பியக் களவியலில் வரும் ஓரை இவற்றுள் எது என்பது பற்றிப் புலவர்களிடையே நெடியதொரு வழக்கு நிகழ்ந்தது. எஸ். வையாபுரிப்பிள்ளை அவர்கள் அச்சொல் கிரேக்கத்தினின்று வடமொழி வழியாக வந்த ‘ஹோரா’ என்று கொண்டு, நூலின் காலத்தையும் பின்தள்ளினார். மறுத்தோர் அது தூய தமிழ்ச்சொல்லே என்றனர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. இரண்டும் வெவ்வேறு பிறப்பினவாகவே இருக்கலாம். எனினும், சிறுமியர் பாவை வைத்து ஆடும் ஆட்டமும் வானத்துப் பன்னிரு வீடும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றுவிட்டன. பெயரால் ஒன்றான இவ்விரண்டையும் செயலாலும் ஒன்றாக்கலாம் என்பது என் கருத்து. ஒரு சிறு பாவைப்பிள்ளைக்குச் சித்திரைப் புத்தாண்டுச் சட்டை தைத்து, அதில் இராசிகளைப் பொறிக்கும்படி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். இது விளையாட்டுப் பேச்சன்று.

ஈழத்தில் நம்மவர் புத்தாண்டாடை இராசியோடு தொடர்புடையது என்பதை யாவரும் அறிவர். ஞாயிறு மீனத்தை நீங்கி மேடத்திற் புகும் காலமே வருடப்பிறப்பு. அதற்கு முன்னும் பின்னுமாக நாழிகைக் கணக்கில் விஷு புண்ணியகாலத்தை வரையறுத்து, மருத்துநீர் தேய்த்து முழுகும்போது தலையிலும் காலடியிலும் வைக்கவேண்டிய இலைகளையும், அன்று உடுக்கவேண்டிய ஆடையின் நிறத்தையும் பஞ்சாங்கம் கூறும். நிறம் ஆண்டுதோறும் மாறும். வாக்கியமும் திருக்கணிதமும் நேரத்தில் வேறுபடுவதும் உண்டு. சிங்கள மக்களும் அதே பெயர்ச்சியையே புத்தாண்டாகக் கொண்டு, தமக்குரிய சுபநேரமும் ஆடை நிறமும் வகுத்துக்கொள்கின்றனர். துணுக்காயிலும் மல்லாவியிலும் பங்குனி இறுதியில் துணிக்கடைக்குச் செல்லும் தாய்மாரின் பின்னால் நிற்கும் சிறுமி, ‘என் பாவைப்பிள்ளைக்கும் அந்த நிறத்தில் ஒரு துண்டு’ என்று கேட்பதை யான் பலமுறை கண்டிருக்கிறேன். அவள் கேட்பது ஒரு சாண் துணி. அதைக் கொடுத்துவிட்டு அப்பாற் போய்விடுகிறோம். அத்துண்டுத் துணியில் எத்துணைக் கல்வி மடித்து வைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் மொழிக் கல்வி. ‘தை’ என்னும் வினைக்கு இன்று ஊசியால் மூட்டுதல் ஒன்றே பெருவழக்கு. பண்டைத் தமிழில் அது இயற்றுதல், புனைதல், அணிவித்தல் என்ற பரந்த பொருளில் வழங்கிற்று. குறுந்தொகையில் பாவை செய்து தருதலை அவ்வினையே குறிக்கிறது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர், கோலூன்றி இருமித் தளர்ந்த காலத்திலே தம் இளமையை நினைத்து இரங்குகிறார். அவர் நினைவில் முதலில் எழுவது எது? நீர்த்துறை மணலில் செய்த பாவைக்குக் கொய்த பூவைப் புனைந்து மகிழ்ந்த விளையாட்டு. அங்கும் ‘தை’ என்ற வினையே நிற்கின்றது. ஆதலின் பாவைக்கு உடை தைத்தல் மேலைநாட்டுப் பொம்மைகளோடு நேற்று வந்த பழக்கமன்று. 1959இல் அமெரிக்காவில் பார்பி என்னும் பொம்மை விற்பனைக்கு வந்தபோது அதற்குத் தனித்தனி ஆடைகளும் கடையேறின. அங்கே பிள்ளை ஆடையை வாங்குகிறாள். நம் பழம்பாட்டிலோ பிள்ளை தானே புனைகிறாள். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிய வேறுபாடன்று.

அடுத்து, துணியில் இராசியைப் பொறிக்கும் வழக்கம். இதுவும் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் தலைவியின் கட்டிலுக்கு மேலே மெழுகு வழித்த புதுத்துணியாலான விதானம் உண்டு. அதில் ஆட்டை முதலாகக் கொண்ட இராசிமண்டிலமும், அதில் இயங்கும் ஞாயிறும், உரோகிணியைப் பிரியாத திங்களும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தன என்று நக்கீரர் பாடுகிறார். அவளைப் பாண்டிமாதேவி என்பர் உரைகாரர். கணவன் பாசறையில் இருக்கிறான். அவள் உறக்கமின்றி அவ்வோவியத்தை நோக்கி, உரோகிணியின் பேற்றை எண்ணிப் பெருமூச்சு விடுகிறாள். இவ்விடத்தை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் ஒன்றை வற்புறுத்துவேன். அந்தத் துணியில் இருந்த இராசிகள் அவளுக்குத் தீர்ப்புக் கூறவில்லை. ‘உன் சாதகத்தால் உன் கணவன் போர்க்களம் சென்றான்’ என்று பழி சுமத்தவில்லை. அவள் துயருக்குத் துணையாக மேலே நின்றன, அவ்வளவே. இராசியைப் பற்றி நம் பிள்ளைகள் அறியவேண்டிய முதற்பாடம் இதுவென்று நினைக்கிறேன்.

இனிச் செய்முறை. ஒரு சாண் உயரமுள்ள பாவைக்கு நிலத்தைத் தொடும் பாவாடையும் கையில்லாத சட்டையும் போதும். அளவு நாடா வேண்டியதில்லை; ஒரு நூலால் பாவையின் இடையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளலாம். பாவாடையின் அடிக்கரை பன்னிரண்டு அங்குலம் வருமாறு, மூட்டுத் தையலுக்கு இருபுறமும் கொஞ்சம் விட்டு வெட்டவேண்டும். அதே பன்னிரண்டு அங்குல நீளக் கடதாசித் துண்டு ஒன்றை மும்மடிப்பாக மடித்து, பின்னர் இருமுறை பாதியாக மடித்து விரித்தால் பன்னிரண்டு கட்டங்கள் கிடைக்கும். ஓர் இராசிக்கு ஓர் அங்குலம். வட்டத்திலே ஓர் இராசிக்கு முப்பது பாகை என்று வாய்ப்பாடாகச் சொன்னால் மறக்கும் பிள்ளை, மடித்த கடதாசியை மறப்பதில்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் உருவத்தை எளிய கோட்டால் வரைந்து, அதன் மேல் நூலோட்டவேண்டும். மேடத்துக்கு வளைந்த கொம்பிரண்டு. அவற்றைச் சங்கிலித்தையலில் இட்டால் சுருள் நன்றாக விழும். துலாத்துக்கு ஒரு கோலும் இரு தட்டும். தனுவுக்கு ஒரு வில். மீனத்துக்கு எதிரெதிராக இரு மீன். இவற்றுக்குக் கீழே, கட்டத்துக்கு ஒன்பதாகச் சிறுமணிகளைக் கோத்துத் தைத்தால் மொத்தம் நூற்றெட்டு மணிகள் வரும். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதமாக எண்ணினாலும் நூற்றெட்டே. நான்காவது மணிதோறும் நிறத்தை மாற்றினால், ஓர் இராசிக்குள் இரண்டேகால் நட்சத்திரம் அடங்குவது கண்ணுக்குத் தெரியும். கணித ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுதும் விளக்கும் பின்னக் கணக்கை, பத்து வயதுப் பிள்ளை மணி கோத்தே கண்டுகொள்வாள்.

கடைசியிற் பாவாடையின் இரு ஓரங்களையும் மூட்டவேண்டும். அப்போது பன்னிரண்டாம் கட்டமான மீனம் முதற்கட்டமான மேடத்தை வந்து தொடும். அந்த மூட்டுத் தையலே வருடப்பிறப்பு. சங்கிராந்தி என்ற வடசொல்லுக்கு ‘கடந்து செல்லுதல்’ என்று பொருள் எழுதிக் கொடுப்பதைக் காட்டிலும், ஊசி மீனத்தைக் கடந்து மேடத்திற் புகுவதைக் காட்டுவது சிறந்த விளக்கம் அன்றோ?

சட்டை முடிந்தபின் பிள்ளைகளை இரவில் முற்றத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். துணுக்காயின் வயல்வெளிகளில் வானம் இன்னும் இருட்டாகவே இருக்கிறது. நகரத்தார்க்கு இப்பேறு இல்லை. சித்திரை முதல் நாளில் மேடத்தைத் தேடினால் காணமுடியாது. ஞாயிறு அங்கே நிற்பதால் அவ்வொளியில் அது மறைந்துவிடும். இரவு எட்டு மணியளவில் உச்சிக்கு அண்மையில் சிங்கமும், கிழக்கே கன்னியும் தெரியும். கன்னியில் ஒளிவிடும் வெண்மீனே சித்திரை. முழுமதி அதனருகே நிற்கும் மாதம் ஆதலின் மாதத்துக்கும் அப்பெயர் வந்தது. தன் பாவையின் பாவாடையில் ஆறாம் கட்டத்தில் தைத்த உருவை மேலே கண்ட பிள்ளை, தமிழ் மாதப் பெயர்களை ஒருபோதும் வெறும் மனப்பாடமாக ஒப்புவிக்கமாட்டாள்.

‘மூடநம்பிக்கையைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறீரே’ என்று பகுத்தறிவு நண்பர் வினவலாம். வினா நியாயமானதே. யான் சொல்வதோ அதற்கு நேர்மாறானது. பன்னிரு சமபங்கான இராசிமண்டிலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிற் பாபிலோனியர் வகுத்தது. யவனர் வாயிலாகப் பாரதம் அடைந்தது. மனிதன் ஞாயிற்றின் வழியை அளப்பதற்கு இட்ட மைல்கற்கள் அவை. மேலைச் சோதிடர் மேடம் மார்ச் 21 அளவில் தொடங்குகிறது என்பர். நம் பஞ்சாங்கம் ஏப்ரல் 14 அளவில் என்கிறது. இரவும் பகலும் ஒக்கும் புள்ளி விண்மீன்களிடையே ஏறக்குறைய எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குவதால் வந்த இடைவெளி அது. ஏப்ரல் 5இல் பிறந்த பிள்ளைக்கு, ஞாயிறு நின்ற வீட்டைக் கொண்டு பார்த்தால், அங்கே மேடம், இங்கே மீனம். ஒரே பிள்ளை, ஒரே வானம். வரைந்த கோடுதான் வேறு. கோடு மனிதன் இட்டது என்பதைத் தன் கையால் கோடிட்டுத் தைத்த பிள்ளைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இதிலேதான் வன்னியைப் பொறுத்தவரை பெரியதொரு நன்மை இருக்கிறது. 2008இல் துணுக்காய் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் அவர்கள் பட்டது உலகறிந்தது. அன்று தாயின் இடுப்பில் இருந்த பெண்குழந்தைகள் இன்று திருமணப் பேச்சுக்கு உரிய வயதை எட்டியுள்ளனர். சாதகக் குறிப்பு கைமாறும்போது, ‘தகப்பனுக்கு ஆகாத ஓரையிற் பிறந்தவள்’ என்று சிலர் கூசாமற் சொல்கின்றனர். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று பழமொழி காட்டுகின்றனர். முள்ளிவாய்க்காலில் தந்தையரை இழந்த பிள்ளைகள் பன்னிரண்டு இராசியிலும் பிறந்தவர்கள். இருபத்தேழு நட்சத்திரத்தில் ஒன்றுகூட விடுபடவில்லை. எறிகணை எவருடைய சாதகத்தையும் கேட்டு விழவில்லை. இவ்வுண்மையை ஒருவரும் மறுக்கமாட்டார். எனினும் அந்தச் சொல் அப்பெண்ணின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ‘தை’ என்னும் வினைக்கு இப்பொருளும் உண்டு.

சொற்பொழிவால் இம்முள்ளை எடுக்கமுடியாது. இராசி என்பது எங்கோ இருந்து தன்னை ஆளும் மறைபொருள் என்ற அச்சம் இளமையிலேயே நீங்கவேண்டும். பத்து வயதில் தேளையும் சிங்கத்தையும் தன் ஊசியால் இழைத்து, கோணினால் பிரித்து மீண்டும் தைத்து, பாவைக்கு உடுத்தி அழகு பார்த்தவள், இருபது வயதில் அவற்றின் பெயரைச் சொல்லி மிரட்டினால் எளிதில் அஞ்சமாட்டாள். தன் கையில் அடங்கிய ஒன்று தன்னை விழுங்கும் என்று எவரும் நம்புவதில்லை.

சமயப் பற்றுடையோர், புண்ணியகாலத்துக்குரியதை விளையாட்டுப் பொருளாக்கலாமோ என்று ஐயுறலாம். மார்கழியிற் பாவை நோன்பு நோற்ற மரபினர் நாம். நவராத்திரியில் மரப்பாச்சிக்குப் பட்டுடுத்திக் கொலுவேற்றும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. பாவையை அலங்கரித்தலை நம் முன்னோர் இறைவழிபாட்டுக்கு அயலாகக் கருதியதில்லை. சீனத்தில் புலித்தலை வடிவான தொப்பியும் சப்பாத்தும் தைத்துக் குழந்தைகளுக்கு அணிவிப்பர்; யப்பானில் மார்ச் 3ஆம் நாள் பெண்குழந்தைகளின் நலம் வேண்டிப் பாவைகளை வரிசையாக வைத்து விழாக் கொண்டாடுவர். அவ்வந்நாட்டார் இவற்றைப் பண்பாட்டின் செல்வமாகப் போற்றுகின்றனர்.

பெற்றோரின் தடையே வலியது. ‘புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பொம்மைச் சட்டை எதற்கு?’ என்பர். அவர்தம் கவலையை யான் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாம் இழந்த மண்ணில் பரீட்சை ஒன்றே படிக்கட்டாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் மேலே கூறிய மொழியும் கணக்கும் வானநூலும் பரீட்சைக்குப் புறம்பானவையல்ல. இன்னொன்றும் சொல்வேன். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் பழஞ்சேலையின் கரையைக் கிழித்துப் பாவை முடிந்த சிறுமிகளை யான் கண்டேன். உணவுக்கும் நீருக்கும் வரிசையில் நின்ற நாளிலும் அவர்கள் கைக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பிள்ளைக்கு இன்றியமையாதது எது என்பதை அப்பிள்ளைகளே நமக்குக் காட்டிவிட்டனர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய வாரத்தில் தமிழாசிரியரும் மனையியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் கூடி இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்குக. ஆண்பிள்ளைகளை விலக்கவேண்டாம், நம் ஊர்களில் தையற்கடை வைத்துக் குடும்பம் காத்த ஆடவர் பலர். புதிய துணி வேண்டியதில்லை. தையற்கடையில் ஒதுக்கும் வெட்டுத்துண்டுகளே போதும். அவ்வாண்டுக்குப் பஞ்சாங்கம் கூறிய நிறம் கிடையாவிடின் கிடைத்த நிறத்தில் தைக்கலாம். மேடம் அதற்காகக் கோபிக்கப்போவதில்லை. தைத்து முடித்த பாவைகளை வகுப்பறைச் சாளரத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் பாவையின் பன்னிரு வீட்டையும் பெயர்சொல்லி விளக்குமாறு செய்க. ஓரை என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே கற்ற தலைமுறை ஒன்று அவ்வகுப்பறைகளில் உருவாகும். ஊசி சிறியது, விலையும் அற்பம். அதை எடுத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுப்போம்.