பாடத்தோடு பதிப்பெண்ணையும் எழுதுங்கள்

தமிழில் நிரலாக்கப் பாடம் எழுதும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பாண்டாஸ் பொதியை நிறுவுக' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள்.

2023 ஏப்ரலில் வெளிவந்த பாண்டாஸ் 2.0-இல், அட்டவணையில் வரிசை சேர்க்கப் பயன்பட்ட 'அப்பெண்ட்' கட்டளை நீக்கப்பட்டது. பழைய பாடத்தைப் பார்த்து அதனை அப்படியே தட்டச்சு செய்யும் மாணவனுக்கு இன்று பிழைச் செய்தியே கிட்டும். எழுத்துப் பிழையோ எனத் தன் வரிகளையே பத்து முறை சரிபார்ப்பான். பிறகு தனக்குக் கணினி வராது என்று முடிவு கட்டுவான். (ஆங்கிலத்தில் விடை தேடத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்வான். நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படியல்லர்.)

நிறுவும் கட்டளையில் பொதியின் பெயரை அடுத்து இரண்டு சமக்குறிகளும் 1.5.3 என்ற எண்ணும் இட்டால் பாதி வேலை முடிந்தது. பாதிதான்! பைத்தன் 3.12-க்கென அப்பழைய பதிப்பு ஆயத்த வடிவில் வெளியிடப்படவில்லை. ஆகவே பைத்தனின் பதிப்பையும் குறிக்க வேண்டும்.

பதிப்பைப் பூட்டினால் பாடம் பழையதாகிவிடும் என்பர் சிலர். ஆகட்டுமே, இயங்குகிறதல்லவா? பூட்டாத பாடமும் பழையதாகத்தான் செய்கிறது, சொல்லாமல்.

எனினும் இணையத் தளம் அமைக்க உதவும் ஜாங்கோ போன்றவற்றுக்கு இதைச் சொல்லமாட்டேன். அங்கே பழைய பதிப்பு பாதுகாப்பு ஓட்டைகளோடு வரும். அத்தகைய பாடங்களை ஆண்டிறுதி விடுமுறையிலாவது புதிய பதிப்பில் இயக்கிப் பார்த்துத் திருத்துங்கள். இயலாதெனில், தலைப்பிலேயே 'காலாவதி' என்று குறித்துவிடுங்கள்.