லீஸ் முடிந்த காரும் இரண்டு ஏக்கர் கரிசலும்

லீஸுக்கு எடுத்த காரை, லீஸ் முடிந்ததும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லதா? சென்னையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன் இந்தக் கேள்வியைக் கேட்டான். 2023 கடைசியில் கம்பெனி மூலம் எடுத்த பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ்1 மின்சாரக் கார். மூன்று வருடக் கெடு முடியப் போகிறது. "வண்டி நல்லா இருக்கு மாமா, விட மனசு வரல. மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கலாம்னு பாக்குறேன்" என்கிறான். அந்த மிச்சத்துக்கு அவன் நம்பியிருப்பது, மல்லாங்கிணறில் அவன் அம்மா பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சையை. அதனால்தான் என் கருத்தை விவரமாக எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இப்படிப்பட்ட லீஸுக்குப் பிரெஞ்சில் 'லொக்காசியோன் அவெக் ஒப்சியோன் தஷா' என்று பெயர். விரும்பினால் வாங்கிக்கொள்ளும் உரிமையோடு கூடிய வாடகை என்று பொருள். ஆகவே முதல் வேலை, ஒப்பந்தத்தை எடுத்து, வண்டியைத் திருப்பித் தர வழி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்தது விலை. கடைசியில் கட்டச் சொல்லும் தொகை மூன்று வருடத்துக்கு முன் போட்ட ஊகக் கணக்கு. 2023 செப்டம்பரில் இந்தக் கார் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி வந்தபோது ஷோரூம் விலை 66.90 லட்சம். 2025 ஜனவரியில் அதே பெயரில், உள்ளே இன்னும் நீளமான காரை, செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் நடக்கும் தன் ஆலையிலேயே தயாரித்து 49 லட்சத்துக்கு விட்டார்கள். பழையதில் இரண்டு மோட்டார், புதியதில் ஒன்று. வேகத்தில் பழையதுதான் மேல். ஆனால் பழைய கார் வாங்க வருகிறவன் 49 லட்சத்தை மனதில் வைத்துத்தான் விலை கேட்பான்.

மிச்சம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையில் அது 26.76 லட்சம், புதிய விலையில் 19.60 லட்சம். வித்தியாசம் 7 லட்சத்துக்கு மேல்.

"பெட்ரோல் செலவு மிச்சமாகுமே மாமா" என்கிறான். அதையும் போட்டுப் பார்த்தேன். 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 180 ரூபாய். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால் சுமார் 830. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 65,000 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 7 லட்சத்தை எடுக்கவே 11 வருடம் ஆகும். பேட்டரிக்கு வாரண்டி மொத்தம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்; அதில் 3 வருடம் போய்விட்டது. மேலும் இந்த மிச்சம் எந்த மின்சாரக் காரிலும் கிடைக்கும். பாதி விலை வண்டியும் சென்னையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் ஓடி, வழியில் சார்ஜ் போட்டுக்கொண்டு நம் ஊருக்கு வந்து சேரும்.

நிலத்தால் பெரிய வருமானம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மல்லி, பெய்யாவிட்டால் சீமைக்கருவேல். ஆனால் அவன் அம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது. அந்தப் பட்டா ஒன்றுதான் அவர் பெயரில் இருக்கிறது. மகன் கேட்டால் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனாலேயே அவரிடம் கேட்கக் கூடாது என்கிறேன்.

என் முடிவு இது. கம்பெனியிடம் பேரம் பேசட்டும். 20 லட்சத்துக்குள் இறங்கி வந்து, அதையும் தன் சம்பளத்திலிருந்தே கட்ட முடியுமானால் எடுத்துக்கொள்ளட்டும். அப்போது படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றி, இன்சூரன்ஸையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கேட்டால், கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.