ஓர் ஆண்டு, நான்கு புத்தகங்கள்



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை பதின்மூன்றாவது வயதில் படிவம் 1-க்குப் போகிறது. அங்கே பாடங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில். தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் எல்லா இடைநிலைப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனால் என்ன ஆகும்? ஆலயத்தில் ஞானப்பாட்டை மனப்பாடமாய்ப் பாடுகிற பிள்ளை, வேதப்புத்தகத்தை விரித்துக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும். அதற்குமேல் அந்தப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கும்.

இதற்கு மருந்து வீட்டில்தான் இருக்கிறது. பள்ளியை நிறுத்தச் சொல்லவில்லை. நம் நாட்டில் 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை 2025-இல் மக்களவை நிறைவேற்றியது. முழுக்க வீட்டிலேயே படிப்பிக்க விரும்புகிறவர்கள் முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பள்ளிப் பாடத்தைப் பள்ளிக்கே விட்டுவிடலாம். கணக்கையும் அறிவியலையும் வீட்டில் மறுபடி நடத்த வேண்டியதில்லை. வீட்டுப் பள்ளிக்கு ஒரே வேலை: நல்ல தமிழ்ப் புத்தகம்.

"நானே ஆறாம் வகுப்புதான், நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். கேட்டால் போதும். இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்ற அம்மையார் ஒரு முறையைப் பரப்பினார். பிள்ளை ஒரு பகுதியை ஒரே தடவை கவனமாக வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது. தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி வாசிக்கலாம். பாட்டிமார் கதை சொல்லி வளர்த்த நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. இங்கே பிள்ளை சொல்கிறது, பாட்டி கேட்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதற்கு ஆசிரியை ஆகலாம்.

இனி ஆண்டுக் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 52 வாரம். அதில் 40 வாரம் மட்டும் திட்டம் போடுங்கள். மீதி 12 வாரம் பரீட்சைக்கும், பண்டிகைக்கும், காய்ச்சலுக்கும், மழைக்கும். 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். திட்டத்தில் இடைவெளி இல்லாவிட்டால் ஒரு வாரம் தவறியதும் மனம் விட்டுப்போகும். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என மூன்று மாலை, தலைக்கு அரை மணி நேரம் போதும்.

முதல் 5 வாரம்: பரமார்த்த குரு கதை. எழுதியவர் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த பாதிரியார் வீரமாமுனிவர் (1680–1747). ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிற சீடர்களின் கதை. பிள்ளை சிரிக்கட்டும். சிரித்துவிட்டால் வாசிப்புப் பயம் பாதி போய்விடும்.

அடுத்த 10 வாரம்: லூக்கா நற்செய்தி. 24 அதிகாரம். நீளமான ஆறு அதிகாரங்களை மட்டும் இரண்டாகப் பிரித்தால் 30 மாலைக்குக் கணக்குச் சரியாகும். இங்கே பிரசங்கம் செய்யாதீர்கள். 15-ஆம் அதிகாரத்தை வாசித்த அன்று, "இளையவன் திரும்பி வந்தபோது மூத்தவனுக்கு ஏன் கோபம் வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்குச் சொந்தமான பதில் இருக்கும்.

அதற்கடுத்த 15 வாரம்: பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல். அவர் கத்தோலிக்கர், பெண்கல்விக்காகவும் எழுதியவர். இதில் வருகிற ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு நாட்டையே ஆள்கிறாள். பழைய நடைதான், உபதேசம் நீளும் இடங்களைத் தாண்டிப் போகலாம், குற்றமில்லை.

கடைசி 10 வாரம்: நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில். 1942, 43-இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். துயரமான கதை என்பதால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டா என்று பெரியவர்களிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

இவற்றோடு வாரத்துக்கு ஒரு குறள் மனப்பாடம். கல்வி, இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், ஊக்கமுடைமை ஆகிய நான்கு அதிகாரங்கள் 40 வாரத்துக்குச் சரியாக வரும். பிள்ளைக்கு ஆங்கிலம் வருமானால் ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஞாயிறு மாலையில் ஒரு பக்கம் எழுத்து. அந்த வாரம் வாசித்ததைப் பற்றி ஒரே பக்கம். ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் ஓய்வுநாளாக இருந்ததால் ஞாயிறன்று பள்ளி இருந்தது. 2025 ஜனவரி முதல் ஞாயிறு மறுபடி விடுமுறை. ஆலயம் போய்வந்த பிறகு அந்த ஒரு பக்கத்துக்கு நேரம் கிடைக்கும். பிழையைச் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். வாரத்துக்கு மூன்று பிழை மட்டும் திருத்துங்கள்.

தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் ஏன் விட்டீர்கள் என்று சிலர் கேட்கலாம். தேம்பாவணியில் 3,615 பாடல்கள். இரண்டும் பெரிய காவியங்கள், அருமையானவை, ஆனால் இந்த வயதுக்குப் பாரம். பத்துப் புத்தகம் வாங்கி இரண்டில் நிற்பதைவிட நான்கை முடிப்பது மேல். முடித்த பிள்ளை ஐந்தாவதைத் தானே தேடும்.

செலவும் பெரிதல்ல. வேதப்புத்தகம் வீட்டில் இருக்கிறது. பழைய நூல்கள் பலவற்றை மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஆண்டு முடிவில் பரீட்சை வேண்டாம். கிறிஸ்துமஸ் இரவில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளையே பாட்டிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். தடங்கலில்லாமல் வாசித்தால், உங்கள் வீட்டுப் பள்ளி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.