வெயில் நாளும் பழைய கவுணும்



நாவலப்பிட்டியில் வெயில் ஒரு விருந்தாளி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு காலையில் என் மனைவி அலுமாரியைக் காலி செய்து, ஈர வாடை பிடித்த உடுப்புகளையெல்லாம் கொடியில் போட்டார்.

பழைய பெட்டியிலிருந்து ஒரு கவுண் வெளியே வந்தது. 1960களில் என் உம்மா தன் கையால் தைத்தது. பூப்போட்ட பருத்தித் துணி. இடுப்புக்குக் கீழே குடைபோல் விரியும். 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்பவர் பிரபலமாக்கிய இந்த அமைப்பு உலகமெங்கும் பரவியது. இப்போது மீண்டும் நாகரிகமாகி வருகிறது.

உயர்தரம் படிக்கும் என் மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "வாப்பா, இன்றைக்கு மாமி வீட்டுக்கு இதை உடுத்திக்கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"கை இல்லாத சட்டையா? மௌலவி வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்?" என்றார் மனைவி. மகளின் கண் நிறைந்தது.

'கூடாது' என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். மார்க்கம் கேட்பது என்ன? உடல் மறைய வேண்டும். துணி மெல்லியதாகவோ இறுக்கமாகவோ இருக்கக் கூடாது. பெருமையும் வீண்விரயமும் கூடாது. இதில் பூவுக்கும் நிறத்துக்கும் பழைய மாதிரிக்கும் எங்கே தடை? குறை கையிலும் நீளத்திலும்தானே! அதை ஊசியும் நூலும் தீர்த்துவிடும். ஊருக்குப் பயந்து ஆகுமானதையும் 'ஹராம்' என்று விரட்டினால், நாளை உண்மையான ஹராமைச் சொல்லும்போது பிள்ளை நம் பேச்சைக் கேட்குமா?

ஆடை உடலை மறைப்பது, அலங்காரமாக இருப்பது என்று ஸூரத்துல் அஃராப் (7:26) சொல்கிறது. வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக ஸூரத்துந் நஹ்லில் (16:81) எண்ணிக் காட்டுகிறான். எனவே வெயிலுக்கு இதமாக உடுப்பது குறையல்ல, நிஃமத்.

உம்மா தையல் மெஷினின் முன் அமர்ந்தார். இடுப்பில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்துத் தளர்த்தினார். கீழே அகலமான கரை வைத்து நீட்டினார். உள்ளே முழுக்கை வெள்ளைப் பருத்திச் சட்டை, கீழே தளர்வான காற்சட்டை, மேலே அதே நிறத்தில் பெரிய முந்தானை. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை.

சகோதரிகளே, நீங்களும் இப்படிச் செய்வதாயின் சில விடயங்களைக் கவனியுங்கள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் கை தெரிந்தால் லைனிங் வையுங்கள். மழைக்காலத்தில் விரைவில் காய்வதால் பொலியெஸ்டரை வாங்குகிறோம். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. வெயில் நாளுக்குப் பருத்தியே நல்லது.

கறுப்பு அபாயா உடுத்துபவர்களும் கவலைப்பட வேண்டாம். பாலைவனத்து பதவீ மக்களின் அங்கிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 1980இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. தளர்வான அங்கி கறுப்பாயினும் வெள்ளையாயினும் உடலைச் சேரும் வெப்பம் ஒன்றே என்று அதில் கண்டார்கள். கறுப்புத் துணி கூடுதலாக ஏற்கும் சூடு தோலை அடையுமுன்பே வெளியேறிவிடுகிறது. ஆகவே நிறத்தைவிட முக்கியம் தளர்வு.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வெயில் வந்த நாளில் வீட்டுப் பெண்ணுக்குக் கொடியடியிலேயே பொழுது போய்விடுகிறது. அன்று மாலை காய்ந்த துணிகளை நான் மடித்தேன். உம்மாவும் மனைவியும் மகளும் மாமி வீட்டு முற்றத்தில் வெயில் காய்ந்தார்கள். மனைவிதான் மகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

நமது இல்லங்களில் வெட்கத்தையும் மகிழ்ச்சியையும் அல்லாஹ் ஒன்றாகவே வைப்பானாக. ஆமீன்.