நடை சாத்தும் நேரமும் வேலையில் சேர்த்திதான்

நேரத்தை எப்படி வகுத்துக்கொள்வது என்று கேட்டால், இன்னும் சீக்கிரம் எழு, ஒரு நிமிடத்தையும் சும்மா விடாதே என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒரு நாளில் எவ்வளவு வேலையைத் திணிக்கிறோம் என்பதைவிட, வேலை எப்போது நிற்கும் என்று முன்பே தீர்மானித்திருக்கிறோமா என்பதே முக்கியம். திருவண்ணாமலை இதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சான்று தருகிறது. அருணாசலேஸ்வரர் கோயிலின் நாள் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என ஆறு காலப் பூசைகளாகப் பிரிகிறது. நண்பகலில் நடை சாத்தப்பட்டு, பிற்பகலில் மீண்டும் திறக்கிறது. நைவேத்தியம் எப்போது தயாராக வேண்டும், மாலை எப்போது வந்து சேர வேண்டும் என்று அங்கே தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. 1896இல் இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டவரல்லர். ஆனாலும் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார், மணி அடித்ததும் சாப்பிட வந்தார். எதை எப்போது செய்வது என்ற குழப்பம் நீங்கினால், மிஞ்சும் கவனம் முழுவதும் வேலைக்குக் கிடைக்கிறது.

கோயிலுக்கு இது சரி, அவசரங்கள் குவியும் அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். இதே கோயிலின் கார்த்திகை தீபத்தைவிடப் பெரிய நெருக்கடி எந்த அலுவலகத்துக்கு வரும்? லட்சக்கணக்கானோர் திரளும் அந்நாளில், அதிகாலை பரணி தீபமும் மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகா தீபமும் குறித்த நேரத்தில் ஏற்றப்படுகின்றன. தீபக் கொப்பரை முந்தைய நாளே மலையேறிவிடுகிறது. பௌர்ணமிதோறும் பக்தர்கள் மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கடை போடுபவருக்கும் அடுத்த பௌர்ணமி எப்போது என்று பஞ்சாங்கம் முன்பே சொல்லிவிடுகிறது. அலுவலகங்களில் அவசரம் என்று சொல்லப்படுபவற்றில் பலவும் இத்தகையவையே. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு எந்த ஆண்டும் திடீரென்று வருவதில்லை. உண்மையாகவே எதிர்பாராமல் வருவதைச் சமாளிக்க நாளில் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். அதையும் நிரப்பிவிட்டவரால்தான் அவசரத்தைத் தாங்க முடிவதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஊழியரின் நேரம் அவர் கையில் இல்லையே! உண்மைதான். அதனால்தான் நேர ஒழுங்கைத் தனிமனிதரின் சாமர்த்தியமாக மட்டும் பேசுவது அநியாயம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பிட்டது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. 2023 ஏப்ரலில் வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். வேலை நிற்கும் நேரம் பல பேர் போராடிப் பெற்ற உரிமை என்பதை அந்தச் சில நாட்கள் மீண்டும் காட்டின.

ஆகவே நாளைக்கான திட்டத்தை எழுதும்போது முடிக்கும் நேரத்தையும் உணவு நேரத்தையும் முதலில் எழுதுங்கள். மிச்சத்தில் எவ்வளவு வேலை அடங்குமோ அவ்வளவே அன்றைய வேலை. அதற்குள் அடங்காததை ஊழியரின் தூக்கத்திலிருந்து எடுக்காமல், வேலையைக் குறைப்பதா, ஆளைக் கூட்டுவதா என்று முடிவு செய்வது மேலதிகாரியின் கடமை.